கிற்றார் பலகையைத் தட்டினால் 'டொக்' என்றுதான் கேட்கிறது, பிரேஸ் இன்னும் சீவலாமா? (அவசரம்)

கொட்டாஞ்சேனை_புதுவன்:
எல்லாருக்கும் வணக்கம். முதல் கிற்றார் செய்துகொண்டிருக்கிறேன். முன்பலகையின் உள்பக்கம் பிரேஸ் எல்லாம் (பலகையைத் தாங்கும் கட்டைகள்) ஒட்டியாச்சு, இப்போது உளியால் சீவுகிறேன். வீடியோவில் அந்த ஆள் தட்டினால் கணீரென்று கேட்கிறது, எனக்கு 'டொக்' என்றுதான் வருகிறது. ட்யூனர் ஆப்பில் ஜி சுரம் காட்ட வேண்டுமாம். எனக்கு ஒருதரம் எஃப், ஒருதரம் ஏ, சிலவேளை ஒன்றுமே காட்டாது. இன்னும் எவ்வளவு சீவலாம்? ஞாயிற்றுக்கிழமை பக்கப்பலகையோடு ஒட்ட வேண்டும், கிளாம்ப் எல்லாம் இரவல். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆறாம்தந்தி:
தம்பி, நைலோன் தந்தியா ஸ்டீலா? என்ன மரம், எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு? எங்கே பிடித்துக்கொண்டு தட்டுகிறீர்கள்? இது ஒன்றும் சொல்லாமல் எவ்வளவு சீவலாம் என்றால் யார்தான் என்ன சொல்வது?

தெஹிவளைத்_தச்சன்:
பிரேஸ் உயரம் அளந்து போடுங்கள், படமும் போடுங்கள். அதுவரைக்கும் உளியைத் தொட வேண்டாம். சீவினது சீவினதுதான்.

ஈரக்காற்று:
எந்த அறையில் வைத்து ஒட்டினீர்கள்? ஏசி உண்டா? நான் எப்போதும் இதைத்தான் கேட்பேன் என்று இங்கே சிலர் சிரிப்பார்கள், பரவாயில்லை.

பழையமாணவன்:
இது இங்கே பலதரம் கதைத்து முடிந்த விஷயம். தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, பாவித்தால் தேயாது. இருந்தாலும் சொல்கிறேன். தனிப்பலகையைத் தட்டி ஒரு சுரத்துக்குக் கொண்டுவருவதில் அர்த்தமில்லை. இப்போது அதன் ஓரங்கள் சும்மா நிற்கின்றன. பக்கப்பலகையில் ஒட்டினதும் ஓரம் முழுக்க இறுகிவிடும், கேட்கும் சுரமே வேறு. பிறகு மேலே பிரிட்ஜ் (தந்திகளைப் பிடித்திருக்கும் கட்டை) வரும், அதன் பாரத்துக்கு இன்னொரு மாற்றம். ஆகவே உங்கள் 'ஜி' ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே காணாமல் போய்விடும். ட்யூனரை மூடிவிட்டு, பலகையின் ஓரங்களைத் தாங்கவைத்து நடுவில் பாரம் ஏற்றி, எவ்வளவு தாழ்கிறது என்று டயல் கேஜில் (நுண்ணிய அளவு காட்டும் முள் கருவி) அளக்கப் பழகுங்கள்.

வில்லும்_ரோசனும்:
'அர்த்தமில்லை' என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது அண்ணா. வயலின் செய்கிறவர்கள் முன்பலகை, பின்பலகை இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். வயலின் செய்து ஆராய்ந்த கார்லீன் ஹட்சின்ஸ் 1981இல் சயன்டிஃபிக் அமெரிக்கனில் எழுதிய கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

பழையமாணவன்:
வயலின் பலகை உளியால் குடைந்தெடுத்த வளைவு, உள்ளே நீளவாக்கில் ஒரேயொரு கட்டை, பாஸ் பார். இது தட்டைப் பலகையில் கட்டை கட்டையாக ஒட்டினது. கட்டுரையை நானும் படித்திருக்கிறேன் அக்கா.

கொட்டாஞ்சேனை_புதுவன்:
மன்னிக்கவும், வேலையில் நின்றேன். ஸ்டீல் தந்தி. ஸ்புரூஸ், 2.8 மி.மீ. எக்ஸ் வடிவ பிரேஸ். இரண்டும் குறுக்கே வெட்டும் இடத்தில் 16 இருந்தது, இப்போது 14. மேல் மூலையைப் பிடித்துக்கொண்டுதான் தட்டுகிறேன். ஏசி இல்லை, ஃபான். படம் ஏறுதில்லை.

ஆறாம்தந்தி:
சரி, இப்போது கதைக்கலாம். முதலில் 14இல் நிறுத்துங்கள். பிரேஸின் விறைப்பு அகலத்தோடு நேராகத்தான் ஏறி இறங்கும், உயரத்தோடு மூன்றாம் அடுக்கில். 16ஐ 14 ஆக்கினால் உயரம் எட்டில் ஒன்றுதான் குறைகிறது, விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இனிமேல் மெல்லிய ஒரு சீவல் எடுத்தாலும் அதை யோசித்து எடுங்கள்.

இரண்டாவது, மூலையைப் பிடித்தால் 'டொக்' என்று கேட்காமல் வேறென்ன கேட்கும்? பலகை ஆட நினைக்கும் இடத்திலேயே பிடித்து அமுக்குகிறீர்கள். ஆடாத இடத்தில் பிடிக்க வேண்டும். நீட்டுக் கட்டை என்றால் நுனியிலிருந்து மொத்த நீளத்தில் ஏறக்குறைய 22 சதவீதம் உள்ளே. பலகையில் தேடித்தான் பிடிக்க வேண்டும்: இரண்டு விரலால் லேசாகக் கிள்ளிப் பிடித்து, இடம் மாற்றி மாற்றித் தட்டுங்கள், ஓரிடத்தில் திடீரென்று நீளமாக ஒலிக்கும்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், பலகையைச் சின்ன ஸ்பொஞ்சுத் துண்டுகளில் வைத்து, கீழே ஒரு ஸ்பீக்கரை நிமிர்த்தி வைத்து, போனிலுள்ள டோன் ஜெனரேட்டரை மெதுவாக ஏற்றிக்கொண்டு போங்கள். மேலே காய்ந்த தேயிலை தூவ வேண்டும். டஸ்ட் வேண்டாம், அது ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் பெரிய இலையாகப் பாருங்கள். ஒரு இடத்தில் இலையெல்லாம் துள்ளித் துள்ளி ஓடி ஒரு கோட்டில் போய் ஒதுங்கும். அந்தக் கோடுதான் ஆடாத இடம். ஜெர்மன் விஞ்ஞானி கிளாட்னி 1787இல் மணலை வைத்துக் காட்டியது இதைத்தான். கோடு ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றால் அந்தப் பக்க பிரேஸில் ஏதோ இருக்கிறது.

ஜி பற்றியும் ஒன்று. செய்து முடித்த கிற்றாரில் பலகையின் பிரதான அதிர்வு சரியாக 196 ஹேர்ட்ஸில், அதாவது மூன்றாம் தந்தியின் ஜியிலேயே வந்து நின்றால், அந்தச் சுரம் மட்டும் பெரிதாகக் கேட்டுவிட்டு உடனே செத்துவிடும். அதனால் இரண்டு சுரத்துக்கு இடையில் நிற்பதையே விரும்புவார்கள்.

பலாச்சுளை:
ஒரு சந்தேகம். ஏன் எல்லாரும் இந்த ஸ்புரூஸுக்கே அலைகிறோம்? தஞ்சாவூர் வீணை பலாவில்தான் செய்கிறார்கள், மேற்பலகையும் பலாதான். உள்ளே எக்ஸும் இல்லை வையும் இல்லை. ஊரில் பலா இருக்கிறது, மொரட்டுவையில் அறுத்தும் தருவார்கள்.

பழையமாணவன்:
வீணை வேறு, கிற்றார் வேறு.

பலாச்சுளை:
அது எனக்கும் தெரியும். ஏன் என்றுதான் கேட்டேன்.

தெஹிவளைத்_தச்சன்:
பாரம்தான் காரணம். ஸ்புரூஸ் லேசு, ஆனால் ரேகை ஓடும் பக்கம் நல்ல விறைப்பு. பலா அதைவிடப் பாரம், அதே விறைப்புக்குக் கூட எடை சுமக்க வேண்டும். பலாவைப் பின்பலகைக்கும் பக்கத்துக்கும் போடுங்கள், அழகாக இருக்கும். முன்பலகைக்கு ஊர்மரம்தான் வேண்டும் என்றால் லுனுமிதெல்ல லேசான மரம், அதைப் பாருங்கள்.

பழையமாணவன்:
தோணிக்குப் போடும் மரத்தில் கிற்றார்! பின்பலகை எதுவானால் என்ன? ஸ்பெயினில் கிற்றார் செய்த டோரெஸ் 1862இல் பின்பக்கமும் பக்கமும் கடதாசிக்கூழ் அட்டையில் செய்து காட்டினார், முன்பலகைதான் எல்லாம் என்று நிரூபிக்க. பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் இருக்கிறது.

வில்லும்_ரோசனும்:
அதற்குப் பிறகு அவரே அட்டையில் செய்யவில்லையே அண்ணா.

ஈரக்காற்று:
மரச்சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள், தம்பி ஃபான் என்று சொன்னதை யாரும் பார்க்கவில்லை. கொழும்பில் ஜன்னலைத் திறந்துவைத்தால் ஈரப்பதம் 70, 80 சதவீதத்துக்குக் குறையாது. கிற்றார் செய்கிறவர்கள் 40 முதல் 50க்குள் வைத்துத்தான் பிரேஸ் ஒட்டுவார்கள். உங்கள் பலகை ஈரம் குடித்து அகலமாகியிருந்த நேரத்தில் குறுக்குக் கட்டை ஒட்டியிருக்கிறீர்கள். கட்டை தன் நீளத்தில் சுருங்காது, பலகை குறுக்கே சுருங்கும். 400 மி.மீ. அகலப் பலகை 80இலிருந்து 45க்கு வந்தால் 3, 4 மி.மீ. கூடச் சுருங்கப் பார்க்கும். சுருங்க விடாமல் கட்டை பிடித்துக்கொண்டால் பலகை குழியும், இல்லாவிட்டால் வெடிக்கும். 'கிற்றார் கொழும்பில்தானே இருக்கப்போகிறது' என்பீர்கள். வாசிக்கப் போகும் மண்டபமெல்லாம் ஏசி. ஈரத்தில் பலகை வீங்கினால் தந்தி கொஞ்சம் உயரும், அவ்வளவுதான். காய்ந்து வெடித்தால் வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டாதீர்கள். யாராவது தெரிந்தவர் வீட்டு ஏசி அறையில் சில நாள் வைத்து, மேலே ஒரு ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பிரேஸைக் கழற்ற வேண்டும்.

தெஹிவளைத்_தச்சன்:
அதற்கு முதல் ஒரு வேலை. பல்பொருள் கடை பில் துண்டு ஒன்றை எடுத்து ஒவ்வொரு பிரேஸ் நுனியிலும் ஒட்டின இடத்துக்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையக் கூடாது. ட்யூனர் ஒருதரம் எஃப் ஒருதரம் ஏ காட்டுவது எனக்கு அந்தச் சந்தேகத்தைத்தான் தருகிறது. நுனி விட்டிருந்தால் எங்கே பிடித்தாலும் 'டொக்'தான்.

பழையமாணவன்:
நுனி விட்டிருந்தால் பாரம் வைத்து அளக்கும்போதே தெரிந்திருக்கும்.

தெஹிவளைத்_தச்சன்:
டயல் கேஜ் வாங்கக் காசு வேண்டும். பில் துண்டு சும்மா கிடைக்கும்.

கொட்டாஞ்சேனை_புதுவன்:
எக்ஸின் கீழ்ப்பக்கம், இடது நுனியில் பில் அரை அங்குலம் உள்ளே போனது. பசை விட்டு கிளாம்ப் போட்டேன். இப்போது நன்றாகக் கேட்கிறது. எல்லாருக்கும் நன்றி, தச்சன் அண்ணைக்கு விசேஷமாக. ஞாயிறு ஒட்டியாச்சு.

ஈரக்காற்று:
ஏசியில் வைத்துப் பார்த்தீர்களா?

ஆறாம்தந்தி:
14இல்தானே விட்டீர்கள்? பிரிட்ஜ் ஒட்டின பிறகு தட்டி எத்தனை ஹேர்ட்ஸ் என்று போடுங்கள்.

ஈரக்காற்று:
தம்பி?

பலாச்சுளை:
தச்சன் அண்ணை, லுனுமிதெல்ல கேட்டுப் பார்த்தேன், இருக்கிறதாம். முன்பலகைக்கு எத்தனை மில்லிமீற்றரில் தொடங்கலாம்?

தெஹிவளைத்_தச்சன்:
நைலோனா ஸ்டீலா?