பேக்கர் மேஃபீல்டும் ஓடெல் பெக்கமும்: கிளீவ்லாந்தில் அந்த ஜோடி ஏன் எடுபடவில்லை?

ஏரிக்கரையான்:

2019 மார்ச் மாதம், அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீகில் ஆடும் கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணி, டிராஃப்ட்டில் (புதிய வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) முதல் சுற்றுத் தேர்வு ஒன்று, மூன்றாம் சுற்றுத் தேர்வு ஒன்று, கூடவே தடுப்பாட்டக்காரர் ஜப்ரில் பெப்பர்ஸ் என்று பெரிய விலை கொடுத்து, பந்தைப் பிடிக்கும் ரிசீவரான ஓடெல் பெக்கம் ஜூனியரை நியூயார்க் ஜயண்ட்ஸிடமிருந்து வாங்கியது. அதற்கு முந்தைய பருவத்தில்தான் பிரௌன்ஸின் பேக்கர் மேஃபீல்டு 27 டச்டவுன் (எதிரணியின் கோல் கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பது) பாஸ்களை எறிந்து, அறிமுகப் பருவத்தில் ஆடும் குவாட்டர்பேக்குகளில் (ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவர்கள்) அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டியிருந்தார். இந்த இருவரும் சேர்ந்தால் எதிரணிகள் திணறும் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். நடந்தது வேறு. 2021 நவம்பர் 2 அன்று, தன் மகன் தடுப்பாளர் எவரும் அருகில் இல்லாமல் நிற்கையில் மேஃபீல்டு பந்தை அவரிடம் அனுப்பாத காட்சிகளைத் தொகுத்த ஒரு காணொளியைப் பெக்கமின் தந்தை இன்ஸ்டகிராமில் பகிர்ந்தார். மூன்றே நாட்களில் பெக்கமை விடுவிப்பதாக அணி அறிவித்தது.

அந்தக் காணொளியை வைத்துக்கொண்டு இன்றும் மேஃபீல்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். என் கருத்து இதற்கு நேர் எதிரானது. 2020 அக்டோபர் 25 அன்று சின்சினாட்டியில் பெக்கமின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அன்றைய முதல் ஐந்து பாஸ்களில் ஒன்றையும் முடிக்காத மேஃபீல்டு, அதன் பிறகு தொடர்ச்சியாக 21 பாஸ்களைச் சேர்த்து, ஐந்து டச்டவுன்களுடன் ஆட்டத்தை 37-34 என்று வென்று கொடுத்தார். அந்தப் பருவத்தில் அணி 11 வெற்றிகளோடு 2002க்குப் பிறகு முதல் முறையாகப் பருவ இறுதி நாக்அவுட் சுற்றான பிளேஆஃபுக்குச் சென்று, பிட்ஸ்பர்க்கை அதன் சொந்த மைதானத்திலேயே 48-37 என்று வீழ்த்தியது. நட்சத்திர ரிசீவர் இல்லாதபோது ஒரு குவாட்டர்பேக் இவ்வளவு நிம்மதியாக ஆடுகிறார் என்றால், நெருக்கடி எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் என்ன தவறு?

நீலச்சட்டை:

கேட்பதில் தவறில்லை, ஆனால் விடையை முன்பே முடிவு செய்துகொண்டு கேட்கிறீர்கள். பெக்கமை ஜயண்ட்ஸில் முதல் நாளிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2014இல் 12 ஆட்டங்களில் 91 கேட்ச், 1,305 யார்டு, 12 டச்டவுன். அடுத்த இரண்டு பருவங்களிலும் 1,300 யார்டுக்கு மேல். இவை எல்லாம் ஜயண்ட்ஸின் குவாட்டர்பேக் ஈலை மேனிங் எறிந்த பந்துகள். அப்போது மேனிங் தன் உச்சத்தைத் தாண்டியிருந்தார் என்பதை ஜயண்ட்ஸ் ரசிகர்களே மறுக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவரோடு உடனே பொருந்திப்போன ஒரு ரிசீவர், டிராஃப்ட்டில் முதலாவதாகத் தேர்வான குவாட்டர்பேக்கோடு மட்டும் பொருந்தவில்லை என்றால், சந்தேகம் முதலில் யார் மேல் விழ வேண்டும்?

சின்சினாட்டி ஆட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு செய்தியும் உண்டு. பெக்கம் காயமடைந்தது எப்படி? மேஃபீல்டு அவருக்கு எறிந்த பந்தை எதிரணி இன்டர்செப்ட் செய்தது, அதாவது நடுவில் பிடித்துக்கொண்டது. பந்தோடு ஓடியவரைத் துரத்திப் போன பெக்கமின் முழங்கால் முறுக்கிக்கொண்டது. குவாட்டர்பேக்கின் பிழையைத் திருத்தப் போய்க் காலை இழந்தவரை, அணியின் சுமையாக இருந்தார் என்று எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நான்காம்_டவுன்:

இருவரும் ஆளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ஆட்டத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ரிசீவர் 12 யார்டு முன்னால் ஓடி, சட்டென்று திரும்பி ஓரக்கோட்டை நோக்கி வரும் ஒரு ரூட்டை, அதாவது முன்கூட்டியே வகுத்த ஓட்டப் பாதையை, எடுத்துக்கொள்வோம். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து குவாட்டர்பேக்கின் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அவர் திரும்பிய பிறகு எறிந்தால், தடுப்பாளர் எட்டிப் பிடிப்பதற்குப் போதுமான நேரம் கிடைத்துவிடும். அதாவது குவாட்டர்பேக் எறிவது ஆளை நோக்கி அல்ல, ஆள் வந்து சேர வேண்டிய இடத்தை நோக்கி. ரிசீவர் பதினோராவது யார்டில் திரும்பினாலும் சரி, தடுப்பாளரை ஏமாற்ற ஓர் அடி கூடுதலாக ஆடிவிட்டுத் திரும்பினாலும் சரி, பந்து வெற்றிடத்தில் விழும். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு அது எறிந்தவரின் பிழையாகவே தெரியும்.

இதைவிடச் சிக்கலானது ஆப்ஷன் ரூட். தடுப்பாளர் ஆளைத் தொடர்கிறாரா, இடத்தைக் காக்கிறாரா என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே இருவரும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஆளைத் தொடர்ந்தால் ரிசீவர் ஓட்டத்தை நிறுத்தாமல் குறுக்கே போக வேண்டும். இடத்தைக் காத்தால் இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவிலுள்ள சந்தில் நின்றுவிட வேண்டும். ஒருவர் ஒன்றாகவும் மற்றவர் வேறாகவும் படித்தால் பந்து எதிரணியின் நெஞ்சுக்கே போய்ச் சேரும். இந்த ஒற்றுமை பயிற்சி மைதானத்தில் நூற்றுக்கணக்கான தடவை சேர்ந்து ஓடினால்தான் வரும், திறமையால் மட்டும் வந்துவிடாது.

இவர்களுக்கு அந்த வாய்ப்பு எங்கே கிடைத்தது? 2019 வசந்தகாலத்து விருப்பப் பயிற்சிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெக்கம் வரவில்லை. அந்தப் பருவம் முழுவதும் இடுப்புப் பகுதிக் காயத்தோடு ஆடி, 2020 ஜனவரியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அடுத்த வசந்தத்தில் கொரோனா காரணமாக மைதானப் பயிற்சிகளே இல்லை, முன்னோட்ட ஆட்டங்களும் ரத்து. அதற்கடுத்த கோடையில் பெக்கம் முழங்காலைத் தேற்றிக்கொண்டிருந்தார். பயிற்சியாளரும் மாறினார்: 2019இல் ஃப்ரெடி கிச்சன்ஸ், 2020இல் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி. பாடகர் எங்கே எடுப்பார் என்று தெரியாமல் மேடையேறிய மிருதங்கக்காரரின் நிலைதான் மேஃபீல்டுக்கு.

நீலச்சட்டை:

நான்காம்_டவுன் அவர்களே, உங்கள் விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் அது 2021 நவம்பரில் தகர்ந்துபோகிறது. பெக்கம் நவம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸில் சேர்ந்தார். வசந்தகாலப் பயிற்சி கிடையாது, முன்னோட்ட ஆட்டம் கிடையாது. பருவத்தின் நடுவில் வந்து புதிய ஆட்டப் புத்தகத்தைக் கையில் வாங்கியவர். எட்டு ஆட்டங்களில் ஐந்து டச்டவுன். என்எஃப்சி (லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதி ஆட்டத்தில் ஒன்பது கேட்ச், 113 யார்டு. லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் காயமடைவதற்கு முன் முதல் டச்டவுன் அவருடையதுதான். கிளீவ்லாந்தில் அந்தப் பருவத்தில் ஆடிய ஆறு ஆட்டங்களில் ஒரு டச்டவுன்கூட இல்லை. ராம்ஸின் குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டோடு சில வாரங்களில் அமைந்தது, மேஃபீல்டோடு மூன்று பருவங்களில் ஏன் அமையவில்லை?

கணக்குப்பிள்ளை:

எண்களைத் தூக்கி வீசுகிறீர்கள். எல்லா எண்களையும் வீசவில்லை. பெக்கமை நோக்கி எறியப்பட்ட பந்துகளில் எத்தனை அவர் கைக்கு வந்தன என்று பார்க்கலாம்.

2019 கிளீவ்லாந்தில் 133க்கு 74, அதாவது ஏறத்தாழ 56 விழுக்காடு. 2020இல் 43க்கு 23. 2021இல் கிளீவ்லாந்தில் 34க்கு 17, சரி பாதி. இப்போது ராம்ஸின் வழக்கமான பருவத்து ஆட்டங்கள்: 48க்கு 27. அதுவும் 56 விழுக்காடுதான். ஒத்துப்போகாத ஜோடி என்று நாம் அழைக்கும் 2019க்கும், அமைந்த ஜோடி என்று கொண்டாடும் ராம்ஸ் காலத்துக்கும் இந்தக் கணக்கில் வேறுபாடே இல்லை. பிளேஆஃபில் மட்டும் படம் மாறுகிறது; அது நான்கே ஆட்டங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஏரிக்கரையான் சின்சினாட்டி ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு அடுத்த வாரம் ரைடர்ஸுக்கு எதிராக பிரௌன்ஸ் எடுத்தது ஆறு புள்ளிகள். பிறகு டெக்ஸன்ஸை 10-7 என்றும் ஈகிள்ஸை 22-17 என்றும் வென்றது. கிளீவ்லாந்தை ஒட்டிய ஈரி ஏரியின் காற்றும் மழையும் அந்த மூன்று ஆட்டங்களையும் கெடுத்தன என்பது உண்மை. ஆனால் பெக்கம் போனதும் மேஃபீல்டு கட்டவிழ்ந்து பறந்தார் என்ற கதை ஒரே ஓர் ஆட்டத்தை வைத்துக் கட்டப்பட்டது. பந்தோடு ஓடும் நிக் சப் காயத்திலிருந்து திரும்பியதையும், இரண்டு டைட் எண்ட்களை (தடுக்கவும் பிடிக்கவும் செய்பவர்கள்) வைத்து, ஓட்டத்தை முன்னிறுத்தி, ஓடுவதுபோலப் பாவனை காட்டும் ப்ளே-ஆக்‌ஷனில் எறியும் ஸ்டெஃபான்ஸ்கியின் முறை அந்த நேரத்தில்தான் படிந்ததையும் கணக்கில் எடுக்காமல் பெக்கமின் காயத்துக்கு மட்டும் பெருமை கொடுக்க முடியாது.

ஏரிக்கரையான்:

வானிலையை நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு அந்த மூன்று ஆட்டங்களை எதற்குச் சான்றாக வைக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. பருவம் முழுவதையும் பாருங்கள்: 2019இல் 22 டச்டவுனுக்கு 21 இன்டர்செப்ஷன் எறிந்தவர், 2020இல் 26க்கு வெறும் எட்டு. ஸ்டெஃபான்ஸ்கிக்கு இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரே குவாட்டர்பேக், ஒரே பயிற்சியாளர், ஒரே 2019: அணியின் இன்னொரு ரிசீவர் ஜார்விஸ் லேண்ட்ரி 83 கேட்ச், 1,174 யார்டு, ஆறு டச்டவுன். இவரும் பெக்கமும் எல்எஸ்யு கல்லூரியில் சேர்ந்து ஆடியவர்கள். லேண்ட்ரியோடு அமைந்த புரிதல் பெக்கமோடு அமையவில்லை என்றால், லேண்ட்ரி சொன்ன இடத்தில் நின்றார் என்பதுதான் பொருள்.

பெக்கமின் பெருமையே தடுப்பாளரை நின்ற இடத்தில் தடுமாற வைக்கும் அந்தக் கூடுதல் அசைவுதான். மேனிங் அதற்குக் காத்திருந்தார், ஏனென்றால் ஜயண்ட்ஸில் எறிவதற்கு வேறு ஆள் இல்லை. மேஃபீல்டு நேரம் பார்த்து எறிந்தால் பந்து தவறுகிறது. பெக்கமுக்காகக் காத்திருந்தால் எறிபவரை வீழ்த்தப் பாயும் எதிரணியின் பாஸ் ரஷ் வந்து கழுத்தில் விழுகிறது. எது செய்தாலும் பழி அவர் மேல்தான்.

நீலச்சட்டை:

லேண்ட்ரி பெரும்பாலும் ஸ்லாட்டில் (ஓரத்துக்கு உள்ளே, நடுவுக்கு அருகில்) நின்று குறுகிய தூரத்தில் பிடிப்பவர்; பெக்கம் ஓரத்தில் நின்று ஆழமாக ஓடுபவர். இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியல்ல. அதோடு, பெக்கமுக்கும் அந்த முதல் பருவத்தில் காயத்தோடு 1,035 யார்டு கிடைத்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

சொன்ன இடத்தில் நிற்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் 2021 அக்டோபர் 3 அன்று மினசோட்டாவில் நடந்தது என்ன? பெக்கமை நோக்கி ஏழு பந்துகள், அவர் கைக்கு வந்தவை இரண்டு. அன்று மேஃபீல்டு 33 பாஸ்களில் 15ஐ மட்டுமே முடித்தார். தன் எறிதல் மோசமாக இருந்தது என்று ஆட்டம் முடிந்ததும் அவரே பழியை ஏற்றுக்கொண்டார். எறிந்தவரே ஏற்றுக்கொண்ட பழியை நீங்கள் எதற்காக அவரிடமிருந்து பிடுங்கி ரிசீவர் தலையில் வைக்கிறீர்கள்?

கடைசியாக ஒன்று. அக்டோபர் 31, பிட்ஸ்பர்க்குடனான ஆட்டம், 15-10 என்று தோல்வி. நான்கு கால் பகுதிகளில் பெக்கமை நோக்கிப் போன பந்து ஒன்றே ஒன்று, ஆறு யார்டு. ரூட்டைத் தவறாக ஓடினால் பந்து தவறிப் போகும். பந்தே எறியப்படாமல் இருப்பதற்கு அது காரணமாகாது. அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம் என்று ஒருவர் மனத்தளவில் முடிவெடுத்துவிட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

நான்காம்_டவுன்:

மினசோட்டா ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால், ஹூஸ்டனுக்கு எதிராக, தான் எறிந்த இன்டர்செப்ஷனுக்குப் பிறகு எதிரணி வீரரை மடக்கப் போய் மேஃபீல்டின் இடது தோள் கிழிந்தது. எறிவது வலக்கை என்பதால் பலர் இதைச் சாதாரணமாகப் பேசினார்கள். இடது தோள் திறந்து சுழன்றால்தான் வலக்கைக்கு வேகமும் திசையும் கிடைக்கும். தோளைப் பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆழமான பந்தைக் குறி பார்த்து எறிவது எளிதல்ல. அந்தப் பருவத்தின் எறிதல்களை வைத்து ஜோடியின் பொருத்தத்தை அளக்கவே கூடாது.

ராம்ஸ் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. பெக்கம் ஒப்பந்தம் செய்த மறுநாளே ராம்ஸின் ரிசீவர் ராபர்ட் வுட்ஸ் பயிற்சியில் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். அவர் இடம் அப்படியே காலியானது. எதிரணியின் கவனம் முழுவதும் ராம்ஸின் முதல் ரிசீவர் கூப்பர் கப் மேல்: அந்தப் பருவத்தில் 145 கேட்ச், 1,947 யார்டு. பெக்கமிடம் கேட்டது மிகச் சிலவே: கோல் கோட்டுக்கு அருகில் தனியாக நிற்கும் தடுப்பாளரை வெல்வது, ஆழமாக ஓடி இடத்தை விரிப்பது. ஆப்ஷன் ரூட்டுகளைப் பெருமளவு கப் பார்த்துக்கொண்டார். வேலை சுருங்கியதால் புரிதலுக்கான தேவையும் சுருங்கியது. கிளீவ்லாந்தில் முதல் ஆளாக இருக்கும்படி கேட்டார்கள். அங்கேதான் பயிற்சிக் குறைவு பல்லை இளித்தது.

ஏரிக்கரையான்:

அப்படியானால் டாம்பா பே அணியையும் பேசுவோம். 2023இல் அங்கே போன மேஃபீல்டு அந்தப் பருவத்தில் 28, அடுத்த பருவத்தில் 41 டச்டவுன் எறிந்தார். மைக் எவன்ஸ் ஓரத்தில் நிற்கும், ஆழமாக ஓடும், முதல் ஆளாக இருக்கும் ரிசீவர்தான்; மேஃபீல்டோடு சேர்ந்த முதல் பருவத்திலேயே 1,255 யார்டு, 13 டச்டவுன். நட்சத்திரத்துக்குப் பந்து கொடுக்கத் தெரியாதவர் மேஃபீல்டு என்ற வாதத்தை இதற்குப் பிறகும் எப்படித் தாங்கிப் பிடிக்கிறீர்கள்?

நீலச்சட்டை:

மிக எளிதாக. இடையில் கரோலினா அணி அவரைக் கைவிட்டது. ராம்ஸ் எடுத்து ஒரு பருவத்தின் எஞ்சிய பகுதியை ஆட விட்டது. அதற்குப் பிறகு டாம்பாவுக்குப் போனவர் 2021இல் நாம் பார்த்த குவாட்டர்பேக் அல்ல. தோளும் தேறியிருந்தது. எவன்ஸுக்குக் கிடைத்தது கற்றுத் தேர்ந்த மேஃபீல்டு; பெக்கமுக்குக் கிடைத்தது கற்றுக்கொண்டிருந்த மேஃபீல்டு. நீங்கள் காட்டும் 13 டச்டவுன் என் பக்கத்துச் சான்று.

கணக்குப்பிள்ளை:

ஒரே எண்ணை இருவரும் சொந்தம் கொண்டாடுகிறீர்கள். எவன்ஸ் ஆறடி ஐந்து அங்குலம். பெக்கம் ஆறடிக்கும் கீழே. பந்து ஓரடி தவறினாலும் எவன்ஸ் கையை நீட்டி எடுத்துவிடுவார், பெக்கமுக்கு அது தலைக்கு மேலே போய்விடும். அந்த ஓரடி யாருடைய பிழை என்பதை இரண்டு பேருக்கும் எறிந்த பந்துகளின் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம். 2019இன் 133 பந்துகளிலிருந்து தொடங்குங்கள்.