ராத்திரியில் கத்தும் குழாய்கள்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

விளாங்குடிக்காரர்:

எங்கள் வீட்டு மாடி பாத்ரூமில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் முதலில் ஒரு இருமல். அப்புறம் 'புளக் புளக்' என்று நாலு துப்பு. அதோடு நின்றுவிடும். பச்சைத் தண்ணீர் மட்டும் ஜோராக வரும். மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர், பக்கத்தில் ஸ்டாண்டு மேல் சின்டெக்ஸ் டேங்க். டேங்க் கழுவினாலோ தண்ணீர் தீர்ந்து போனாலோ மறுநாள் இந்தக் கூத்து நிச்சயம்.

வந்த பிளம்பர் குழாயை ஒரு தடவை திறந்து மூடிவிட்டு, "பிரஷர் பம்ப் போட்டுருங்க சார்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர், ஜிஐ எனும் இரும்பு பைப்புக்கு மரை போட்ட காலத்து ஆள். அவரைக் கூப்பிட்டேன். அவர் பாத்ரூம் பக்கமே போகவில்லை. மாடிக்கு ஏறி, ஹீட்டரிலிருந்து பைப் போகும் வழியைக் கண்ணாலேயே தொடர்ந்து வந்தார். தரையோடு போன பைப், கைப்பிடிச் சுவரில் ஏறி, அந்தப் பக்கம் இறங்குகிறது. ஏறி இறங்கும் அந்த உச்சியை விரலால் தட்டினார். "காத்து இங்கதான்யா உக்காந்திருக்கு."

டேங்க் வற்றும்போது பைப்புக்குள் காற்று புகுந்துவிடுகிறது. தண்ணீர் திரும்ப வரும்போது அது போக வழியில்லாமல் அந்த மேட்டில் அடைபட்டு நிற்கிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். டேங்க் தண்ணீர் மட்டத்துக்கும் மாடி ஷவருக்கும் உயர வித்தியாசம் 3 மீட்டர் என்றால் கையில் இருப்பது வெறும் 0.3 பார். அதை நம்பிக் காற்றை இறக்கத்தில் தள்ள முடியாது.

உச்சியில் ஒரு 'டீ' (மூணு பக்க இணைப்பு) போட்டு, அதிலிருந்து அரை இஞ்சு பைப் ஒன்றை டேங்க் தண்ணீர் மட்டத்துக்கும் மேலே ஏற்றி, தூசி விழாமல் நுனியைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டார். அவ்வளவுதான் வேலை. அன்றைக்கு உள்ளே நின்ற காற்றை வெளியேற்ற, மோட்டார் லைன் டேப்பிலிருந்து ஒரு ஹோஸை வெந்நீர்க் குழாயில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டோம். தண்ணீர் கீழிருந்து மேலே ஏறி, புது பைப்பின் வாயில் 'புஸ்ஸ்' என்று காற்றைக் கக்கியது. நீங்கள் செய்தால் ரொம்ப நேரம் ஓடவிடாதீர்கள். பல வீட்டு சோலார் டேங்குகள் அழுத்தம் தாங்க வடிவமைத்தவை அல்ல.

அனுப்பானடிக்காரர்:

எங்கள் வீட்டில் காற்று இல்லை, இடி. மோட்டாரை நிறுத்தியதும் 'டம்' என்று சுவரே அதிரும். மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி விழும்போது, தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும், தொங்கு கதவு மாதிரி இருக்கும் என்ஆர்வி வால்வு லேட்டாகச் சாத்துவதால் வரும் சத்தம். ஸ்பிரிங் வைத்த என்ஆர்வி மாற்றினோம். தண்ணீர் திரும்புவதற்கு முன்னாலேயே அது மூடிக்கொள்ளும். ஆடிக்கொண்டிருந்த பைப்புக்குக் கிளாம்பும் அடித்தோம். சத்தம் போயே போச்சு.

திருநகர் வாத்தியார்:

மேலே சொன்ன இடிக்கு ஒரு கணக்கு உண்டு. 1897, 98ல் மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் ரஷ்ய விஞ்ஞானி ஜுக்கோவ்ஸ்கி சோதித்துப் பார்த்துச் சொன்னது. இரும்புக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரைச் சட்டென நிறுத்தினால் 12, 13 பார் வரை கூடுதல் அழுத்தம் எகிறும். பிளாஸ்டிக் பைப் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அதில் பாதிகூட இருக்காது. அதனால்தான் பழைய ஜிஐ லைன் வீடுகளில் இந்த இடி பெரிதாகக் கேட்கிறது.

கே.கே.நகர் அம்மா ஒருவர்:

எங்கள் கீஸர் பொரி பொரிக்கிற மாதிரி படபடவென்று சத்தம் போட்டது. ஷாக் அடிக்குமோ என்று பிள்ளைகள் குளிக்கவே பயந்தார்கள். மெக்கானிக் எம்சிபியை ஆஃப் செய்து, தண்ணீரை வடித்துவிட்டு எலிமென்ட்டை உருவினார். சுருள் இருக்கும் இடமே தெரியவில்லை, விரல் தடிமனுக்கு வெள்ளைக் கல். எங்களுக்கு முழுக்க போர் தண்ணீர்தான். சூடு ஏற ஏற அதிலுள்ள சுண்ணாம்பு எலிமென்ட் மேல் படிகிறது. படிவத்துக்கு அடியில் மாட்டின தண்ணீர் கொதித்து ஆவியாகி உடைகிற சத்தம்தான் அந்தப் படபடப்பு. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை. ஒரு தடவை டெஸ்ட் கொடுத்துப் பாருங்கள், உங்கள் கீஸர் ஏன் கத்துகிறது என்று தெரிந்துவிடும். கல்லைக் கரைக்க எலுமிச்சை உப்புக் கரைசலே போதும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

நாகமலை புதுக்கோட்டைக்காரர்:

நான் சொல்லப்போவது மதுரைச் சத்தம் இல்லை, இங்கிலாந்துச் சத்தம். மகள் லீட்ஸில் இருக்கிறாள். பிரசவத்துக்கு உதவியாக நானும் வீட்டுக்காரியும் போயிருந்தோம், நல்ல குளிர்காலம். ராத்திரி படுத்தால் சுவரோரம் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம், நடுவில் 'டொக்'. "யாரோ சுவத்துக்குள்ள இருக்காங்கங்க" என்று இவள் என்னை உலுக்கி எழுப்புவாள்.

அங்கே ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே வெள்ளைத் தகரப் பெட்டி மாதிரி ஒன்று இருக்கும், ரேடியேட்டர். அடுப்படிப் பக்கம் ஒரு கேஸ் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும், பம்ப் அதை எல்லா அறைக்கும் சுற்றிவிடும். அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். நான் மில்லில் பாய்லர் பார்த்தவன். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். கீழே சுடுகிறது, மேல் விளிம்பு சில்லென்று இருக்கிறது. காற்று மேலே நிற்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. (கீழே மட்டும் சில்லென்று இருந்தால் அது துருச் சேறு, வேறு வைத்தியம்.)

"மாமா, நீங்க விடுங்க, ஆளைக் கூப்பிட்டுக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. "இருங்க மாப்ள, இதுக்கு எதுக்கு ஆளு" என்றேன். ஹீட்டிங்கை நிறுத்தி நன்றாக ஆறவிட்டோம். சூட்டோடு திறந்தால் கை வெந்துவிடும், பம்ப் ஓடினால் இன்னும் காற்றை இழுக்கவும் செய்யும். பெட்டியின் மேல் மூலையில் சின்ன சதுரத் திருகு. அதற்கென்றே கட்டைவிரல் நீளத்தில் ஒரு பித்தளைச் சாவி, ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. கீழ்த் தளத்திலிருந்து ஆரம்பித்து, துணியை அடியில் பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாக ஒரு கால் சுற்று. 'ஸ்ஸ்ஸ்' என்று நெடுநேரம் சீறியது, அப்புறம் எச்சில் தெறிப்பது போல் இரண்டு துளி, அப்புறம் கறுப்புத் தண்ணீர். மூடிவிட்டேன்.

அத்தோடு விட்டுவிடக் கூடாது. காற்று வெளியேறினால் அழுத்தமும் இறங்கும். பாய்லர் முள் 1 பாருக்குக் கீழே போயிருந்தது. பாய்லருக்கு அடியிலுள்ள பின்னல் ஹோஸ் வழியாகத் தண்ணீர் ஏற்றி 1.2க்குக் கொண்டுவந்தோம். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 வரை இருந்தால் போதும்.

கொப்பளிப்பு அன்றோடு நின்றது. அந்த 'டொக்' மட்டும் நிற்கவில்லை. வராந்தா ரேடியேட்டரில், அறைச் சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைப் பார்த்தால், அதிலிருந்த அம்புக்குறி தண்ணீர் வரும் திசைக்கு எதிராக இருந்தது. பழைய மாடல், ஒரு பக்கமாகத்தான் தண்ணீர் போக வேண்டும்; எதிர்ப்பக்கமாக வந்தால் வால்வு இப்படித் தட்டும். அதை மாற்ற ஆளைக் கூப்பிட்டோம். பாய்லரைத் திறப்பதென்றால் அங்கே கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்தான் தொட வேண்டும், அதில் என் மில் அனுபவம் செல்லாது.

விளாங்குடிக்காரர்:

அண்ணே, கறுப்புத் தண்ணீர் என்றீர்களே, அது எதனால்?

நாகமலை புதுக்கோட்டைக்காரர்:

உள்ளே இரும்பு அரித்ததுதான் தம்பி. அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயுவும் வரும். அடிக்கடி காற்று சேர்ந்தால் வெளியிலிருந்து புகுகிறது என்று மட்டும் நினைக்க வேண்டாம். அரிப்பைத் தடுக்கும் திரவம் ஒன்று ஊற்றுவார்கள், மாப்பிள்ளை வீட்டில் அது தீர்ந்துபோய் ரொம்ப நாளாகியிருந்தது.

செல்லூர்க்காரர்:

எங்கள் மாடியில் வெயில் தாழ்ந்ததும் 'டிக் டிக்' என்கிறது. யாரும் குழாயே திறக்காத நேரத்தில். இது எதில் சேர்த்தி?

நாகமலை புதுக்கோட்டைக்காரர்:

சிபிவிசி, அதாவது வெந்நீருக்குப் போடும் பிளாஸ்டிக் பைப்பா? 10 மீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 2 செ.மீ. நீளும், சாயங்காலம் சுருங்கும். கிளாம்பு இறுக்கமாக இருந்தால் நழுவும்போது டிக் டிக் என்கும். கிளாம்பைக் கொஞ்சம் தளர்த்தி, இடையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பாருங்கள். நின்றதா என்று எழுதுங்கள்.