பணிப்பாளராக இருந்த அப்பாவின் வழக்குச் செலவு – சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. ஹட்டன் பக்கம் ஒரு சின்ன தேயிலை பெக்கிங் கம்பனியில அப்பா பணிப்பாளரா இருந்தார். கையெழுத்துப் போடுறதோட சரி, காசுப் பொறுப்பு வேற ஆளிடம். போன வருஷம் விலகிட்டார். இப்ப ஊழியர் சேமலாப நிதி கட்டலைன்னு அவர் பேருக்கும் அழைப்பாணை வந்திருக்கு. அந்தக் கடிதத்தை சாமி படத்துக்குக் கீழ வச்சிட்டு ரெண்டு நாளா சரியா சாப்பிடல.

அந்த நிதிக்குச் சம்பளத்தில வேலையாட்களோட 8 வீதம், கம்பனியோட 12 வீதம், அது அவங்க உழைச்ச காசு. கட்டாயம் போய்ச் சேரணும், அதில எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்ல.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க கம்பனிகள் சட்டப்படி, பணிப்பாளர் விடுதலையானாலோ வழக்கு கைவிடப்பட்டாலோ, அகவிதிகளில் (கம்பனியோட உள் விதிகள்) இடமிருந்தா கம்பனி செலவை ஏற்கலாம்னு வாசிச்சேன். ஆனா சட்டத்தரணிக்கு இப்பவே காசு கட்டணுமே? தீர்ப்புக்கு முன்னாடியே கம்பனிகிட்ட கேட்கலாமா? விலகினவருக்கும் இது பொருந்துமா? பணிப்பாளர் சபை அப்போ இப்படியான வழக்குச் செலவுக்குக் காப்புறுதி எடுத்திருந்தா, அதை எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நுவரெலியா, ஹட்டன் பக்கம் இப்படி வழக்குப் பார்த்த சட்டத்தரணி யாரையாவது தெரிஞ்சா இன்பொக்ஸ் பண்ணுங்க. அடுத்த மாசம் வழக்குத் தவணை.