ஆபரேஷன் மேசையில் அடங்காத கால்கள்: சிங்கப்பூரிலிருந்து எங்கள் அனுபவங்கள்

யீஷூன், ஆண், 61, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்

எனக்குக் கால் குடைச்சல் ஆரம்பித்து 15 வருடம் ஆகிறது. வலி என்று சொல்ல முடியாது, மரத்துப் போவதும் இல்லை. கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி, எலும்பைப் பிடித்து யாரோ குடைகிற மாதிரி இருக்கும். எழுந்து நாலு எட்டு நடந்தால் போய்விடும். படுத்தால் திரும்ப வந்துவிடும். பகலெல்லாம் சாதுவாக இருக்கிற கால், இரவு ஒன்பதைத் தாண்டினால் வேலையைக் காட்டும். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ், அதாவது அடங்காத கால்கள் என்று டாக்டர் பெயர் சொல்லும்வரை, நாள் முழுக்க பஸ் ஓட்டுகிற களைப்பு என்றுதான் நானும் வீட்டுக்காரியும் நினைத்திருந்தோம்.

2022ல் பலதுறை மருந்தகத்தில் ரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் குறைவு, இரும்புச் சத்தும் குறைவு. இந்த வயதில் ஆணுக்கு இரும்பு குறைந்தால் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். அதற்காகக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். ஒரு கேலிக்கூத்து பாருங்கள்: இரும்புக் குறைவு கால் குடைச்சலைக் கூட்டும் என்பது எனக்கும் தெரியாது, அன்று என்னைப் பார்த்தவர்களில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. குடல் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று இரண்டு தனித்தனி ஃபைலாகப் போய்க்கொண்டிருந்தது.

"ராத்திரி பன்னிரண்டுக்கு மேல ஒண்ணும் சாப்பிடக்கூடாது" என்றார்கள். நான் அதிபுத்திசாலி, மாத்திரையும் சாப்பாட்டில் சேர்த்தி என்று நினைத்து, கால் குடைச்சலுக்காக இரவு எட்டு மணிக்குப் போடுகிற பிராமிபெக்சோல் மாத்திரையையும் சேர்த்தே விட்டுவிட்டேன். குடலைக் கழுவுகிற மருந்து வேறு. விடிய விடியக் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடை. கால் அப்போதே எச்சரித்தது, எனக்குத்தான் புரியவில்லை.

மறுநாள் என் முறை வந்தது மதியம் மூன்றுக்கு மேல். முழு மயக்கம் கிடையாது. ஊசி போட்டு அரைத்தூக்கத்தில் வைப்பார்கள். கால் இரண்டும் உதைத்துக்கொண்டே இருந்தனவாம், இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்களாம். எனக்கு நினைவே இல்லை. குடலில் இரண்டு சின்னப் பாலிப் (சதை வளர்ச்சி) இருந்ததை எடுத்துவிட்டார்கள், அது பிரச்சினை இல்லை. பிரச்சினை அதற்கு அப்புறம்தான். கண் விழித்ததும் குமட்டல். "வாந்திக்கு ஊசி போடுறோம் அங்கிள்" என்று மெட்டோகுளோபிரமைடு போட்டார்கள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, இரண்டு காலிலும் நெருப்பு வைத்த மாதிரி ஆகிவிட்டது. வழக்கமான குடைச்சலை ஒன்று என்று வைத்தால் இது பத்து. எழுந்து நடக்கவேண்டும் என்றேன். மயக்கம் தெளியவில்லை, விழுந்துவிடுவீர்கள் என்று கட்டிலின் கம்பியைத் தூக்கிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை நான் யாருக்கும் விரும்ப மாட்டேன். டாக்சியில் உட்கார முடியவில்லை, பாதி வழியில் இறங்கி நடந்தேன். அன்று இரவு மூன்று மணி வரை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மேல்மாடிப் பையன் ஒருத்தன் வேலை முடிந்து வந்தவன், "அங்கிள், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டான்.

அதிலிருந்து மயக்க மருந்து என்றாலே எனக்குப் பயம். பித்தப்பையில் கல் என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தும் இரண்டு முறை தள்ளிப்போட்டேன். கடைசியில் 2024ல் ஆபரேஷனுக்கு முந்தைய சோதனையில் மயக்க மருத்துவர் அம்மா ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்களைப் படுத்தினது மயக்கம் இல்லை. விட்டுப்போன மாத்திரையும் அந்த வாந்தி ஊசியும்தான்."

விஷயம் இதுதான். இந்த நோயில் மூளையில் செய்தி கடத்துகிற டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலை சரியாக நடப்பதில்லை. நான் போட்ட மாத்திரை அதைத் தாங்கிப்பிடிக்கிற மாத்திரை. மெட்டோகுளோபிரமைடு அதே டோபமைனை அடைக்கிற மருந்து. ஒன்றை நிறுத்தி மற்றொன்றைப் போட்டால் கால் என்ன செய்யும்? அடைக்கிற கூட்டத்தில் இன்னும் சிலர் உண்டு: புரோகுளோர்பெராசின், புரோமெத்தசின், டிராபெரிடால். ஆன்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்து வேறு வழியில் வேலை செய்வதால் எங்களுக்குச் சிக்கல் இல்லை. முழு மயக்கத்தில் தசையைத் தளர்த்துகிற மருந்தும் சேர்வதால் குடைச்சலும் தெரியாது, உதையும் இருக்காது. எங்களுக்கு வம்பு அரைத்தூக்கத்திலும், முன்னும் பின்னும் அசையாமல் கிடக்கிற மணிகளிலும்தான். இரண்டு வருடம் நான் பயந்தது தப்பான ஆளைப் பார்த்து.

இதற்கிடையில் நரம்பு டாக்டர் என் பழைய மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்துவிட்டுப் பிரிகாபலின் என்ற வேறு வகை மருந்துக்கு மாற்றியிருந்தார். பிராமிபெக்சோல் வருடக்கணக்கில் போட்டால் சிலருக்குக் குடைச்சல் சாயங்காலமே ஆரம்பித்து, கைக்கும் ஏறிவிடும். எனக்கு மாலை ஐந்து மணிக்கே வர ஆரம்பித்திருந்தது. இரும்பு மாத்திரையில், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் 14லிருந்து 38க்கு ஏறியிருந்தது. லேப் தாளில் நார்மல் என்று போட்டிருந்ததால் மாத்திரையை நானே நிறுத்தியிருந்தேன். அவர் விடவில்லை. இந்த நோய்க்காரர்களுக்கு 75ஆவது தாண்டவேண்டும், ஆபரேஷனில் ரத்தம் போனால் இன்னும் இறங்கும் என்று சொல்லி, இரும்பை ரத்தக்குழாய் வழியாகவே ஏற்றினார். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஆபரேஷனுக்கு முதல் வாரம் போய் நின்றால் நடக்காது.

ஆபரேஷன் நாளுக்கு மூன்று விஷயம் கேட்டு வாங்கினேன். காலை முதல் ஆளாக என்னை எடுக்கவேண்டும், ஏனென்றால் காலையில் என் கால் தூங்கும். முந்தின இரவு மாத்திரையைத் தண்ணீரோடு வழக்கமான நேரத்துக்குப் போட அனுமதி. ஆகாத மருந்துகளின் பெயரை எழுதிய தாள் ஒன்று ஃபைலின் முன்பக்கம் இருக்கவேண்டும். அலர்ஜி இல்லாததை அலர்ஜி என்று பதியமுடியாது, ஆனால் எச்சரிக்கை என்று போடலாம் என்று அந்த அம்மாவே கணினியில் ஏற்றிவிட்டார்.

ஆபரேஷன் எனக்கு ஒரு நொடி. ரத்தம் கட்டாமல் இருக்கக் கெண்டைக்காலில் காற்றுப் பை கட்டியிருந்தார்கள். அது பிடித்துப் பிடித்து விடும். சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் கழற்றும்போது எனக்கு மனசே இல்லை. வலிக்குக் கொடுத்த ஓபியாய்டு (அபின் வகை) மருந்தும் காலை அடக்கியது. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1672லேயே இந்த நோயைப் பற்றி எழுதி, அபின் கலந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். 1945ல் சுவீடனின் எக்போம் என்ற டாக்டர் அதற்குப் பெயரே வைத்துவிட்டார். நான் நிரப்பிய படிவத்தில் மட்டும் இன்னும் அதற்குக் கட்டம் வரவில்லை.

ஒரே சிக்கல் வார்டில். மாத்திரை பத்து மணி ரவுண்டில்தான் வரும் என்றார்கள். எனக்கு எட்டு மணிக்கு உள்ளே போனால்தான் ஒன்பதரைக்குக் கால் அடங்கும். மிஸியிடம் (தாதியிடம்) கெஞ்சி, டாக்டரைக் கேட்டு நேரத்தை மாற்ற வைத்தேன். பிரிகாபலினும் வலி மருந்தும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம் என்பதால் விரலில் கிளிப் மாட்டி இரவு முழுக்கப் பார்த்தார்கள். கட்டிலை விட்டு எழுந்தாலே அலாரம் அடிக்கும். மூன்றாவது தடவை அடித்ததும் தமிழ் மிஸி ஒருவர் வந்து, "நடக்கணும்னா பெல்லை அடிங்க, நான் கூட வர்றேன்" என்றார். இரவு இரண்டு மணிக்கு டிரிப் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு இருவரும் வராந்தாவில் நடந்தோம். அவர் ஊர் தஞ்சாவூராம். பேசிக்கொண்டே நடந்ததில் கால் மறந்துவிட்டது.

செங்காங், பெண், 34

எனக்கு ஏழாம் மாதத்தில் வந்தது. அதுவரை இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அம்மா வாயு என்றார், மாமியார் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார். தேய்க்கும்வரை சுகம், கையை எடுத்ததும் பழையபடிதான். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பலருக்கு வருமாம், இரும்புதான் முக்கியக் காரணங்களில் ஒன்று என்று டாக்டர் சொன்னபிறகுதான் இரும்பு மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். அதுவரை மலச்சிக்கலுக்குப் பயந்து பாதி நாள் குப்பைத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

குழந்தை குறுக்கே இருந்ததால் சிசேரியன். முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே கிள்ளினால் தெரியவில்லை. ஆனால் உள்ளே அந்தக் குறுகுறுப்பு மட்டும் இருந்தது! ஆட்டவேண்டும் என்று உயிர் துடிக்கிறது, ஆட்டக் காலே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் வயிற்றைத் திறந்திருக்கிறார்கள், நான் இந்தப் பக்கம் காலைக் கேட்டு அழுகிறேன். மயக்க மருத்துவர் தலைமாட்டில் உட்கார்ந்து, இது சிலருக்கு நடக்கிறதுதான், ஊசி மருந்தின் வேகம் இறங்கினதும் போய்விடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வெளியே வந்ததும் கணவர் என் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். கால் அசைவதைக் கண்ணால் பார்த்ததே போதுமாக இருந்தது. மூன்று மணி நேரத்தில் கட்டைவிரல் அசைந்தது. அதற்குப் பிறந்தவனைப் பார்த்ததைவிடச் சத்தமாகக் கத்தினேனாம், இன்னும் கிண்டல் செய்கிறார்கள். ஒரு மாதத்தில் குடைச்சல் காணாமல் போனது.

இரண்டாவது குழந்தைக்கு முதுகு ஊசிக்கு முன்பே சொல்லிவிட்டேன். வந்தது, ஆனால் பயம் இல்லை.

ஜூரோங் வெஸ்ட், ஆண், 42

அப்பாவுக்காக எழுதுகிறேன். வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் டயாலிசிஸ். சிறுநீரகம் போனவர்களுக்கு இந்தக் கால் தொல்லை அதிகம். கண்புரை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தபோது எங்கள் கவலையெல்லாம் கண்ணைப் பற்றி இல்லை. கண்ணில் சொட்டு மருந்துதான், ஆள் விழித்தபடி அசையாமல் படுக்கவேண்டும். கால் உதறினால் தலையும் ஆடும்.

முதல் தடவை முடியவில்லை, மேசையிலிருந்து இறக்கிவிட்டார்கள். பிறகு மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தால், உடம்பு அரிப்புக்கு என்று குளோர்பெனிரமின் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். சளி மாத்திரையில் இருக்குமே, தூக்கம் வருமே, அதுதான். தூங்கினால் நல்லதுதானே என்று நாங்களே கூட ஒன்று கொடுத்திருக்கிறோம். தூக்கம் வரவைக்கிற அந்த வகை அரிப்பு மாத்திரைகள் காலைக் கிளப்பிவிடும் என்று சிறுநீரக டாக்டர் சொல்லி நிறுத்தினார். கேபபென்டின் என்ற நரம்பு மருந்தை மிகக் குறைந்த அளவில், டயாலிசிஸ் முடிந்தபிறகு கொடுத்தார். சிறுநீரகம் வெளியேற்றாத மருந்து உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் அளவை மற்றவர்களோடு ஒப்பிடாதீர்கள்.

இரண்டாம் தடவை டயாலிசிஸ் இல்லாத நாள், காலை நேரம். உள்ளே கூப்பிடும்வரை அப்பாவை வராந்தாவில் நடத்திக்கொண்டே இருந்தேன். முழங்காலுக்குக் கீழே தலையணை. கால் தாங்காவிட்டால் அசைவதற்கு முன் "ஸ்டாப்" என்று வாயால் சொல்லவேண்டும் என்று கண் டாக்டர் பேசிவைத்தார். அப்பா ஒரே ஒரு தடவைதான் சொன்னாராம். அதுவும் மூக்கு அரித்ததற்கு.

தெம்பனிஸ், பெண், வார்டு தாதி

ஒன்று சேர்க்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர் இரவில் காலை உதறி, கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தால், குழப்பத்தில் இருக்கிறார் என்று எங்களுக்குத் தோன்றும். ரொம்ப மிஞ்சினால் ஆளை அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் என்ற மருந்து கொடுக்கச் சொல்வார்கள். அதுவும் டோபமைனை அடைப்பதுதான். கொடுத்தால் இன்னும் உதறுவார், நாங்கள் இன்னும் குழப்பம் என்று எழுதுவோம். வாய் பேச முடியாத நிலையில் இருப்பவருக்காக வீட்டுக்காரர்கள்தான் சொல்லவேண்டும். மயக்க மருத்துவரிடம் சொன்னது போதும் என்று விடாதீர்கள், இரவு ஷிஃப்ட் தாதியிடமும் சொல்லுங்கள். பகலில் சொன்னது இரவுக்கு வந்துசேரும் என்று நம்பாதீர்கள். எங்களைப் பற்றி நாங்களே சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்கிறேன்.

புக்கிட் பாத்தோக், ஆண், 50

டாம்பெரிடோன் என்ற மருந்து பரவாயில்லையா? வாந்திக்கு எனக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள். கோப்பி நிறுத்தவேண்டுமா?

யீஷூன்

டாம்பெரிடோன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் பெரும்பாலும் மூளைக்குள் போவதில்லை என்பதால் எங்களுக்கு அதை அனுமதிக்கிறார்கள். இதயத் துடிப்புப் பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். கோப்பி சிலருக்குக் கூட்டும். நான் மதியத்துக்கு மேல் தொடுவதில்லை. காலையில் குடிக்கிற கோப்பி ஓவை (பால் சேர்க்காத கோப்பியை) விடச் சொன்னால் ஆபரேஷனே வேண்டாம் என்பேன்.

அடுத்த மாதம் எனக்கு முழங்கால். இந்த முறை முதுகு ஊசியா முழு மயக்கமா என்று கேட்டிருக்கிறார்கள். செங்காங் தங்கை எழுதியதைப் படித்தபிறகு முழு மயக்கம் என்றே சொல்ல நினைக்கிறேன், டாக்டர் என்ன சொல்கிறாரோ பார்ப்போம். தாளை மறுபடி பிரிண்ட் எடுக்கவேண்டும். பழையதில் கோப்பிக் கறை, புரோமெத்தசின் என்ற வரியே தெரியவில்லை.