உயிரிப்படலமா, வழும்பா?

அன்பின் நண்பர்களுக்கு, வணக்கம். பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டி, பசை சுரந்து, கூட்டமாகக் குடியிருக்கும் அமைப்புக்கு ஆங்கிலத்தில் 'பயோஃபிலிம்' என்று பெயர். அதற்கு 'வழும்பு' என்ற தமிழ்ச்சொல்லை முன்வைக்கிறேன்; வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> பயோஃபிலிமுக்கு 'உயிரிப்படலம்' போதுமே. ஏன் மறுபடி கிளற வேண்டும்?

ஐயா, கிளறத்தான் வேண்டும். உயிரி எரிபொருள், உயிரி நெகிழி என்று எழுதிப் பழகிவிட்டோம். அங்கெல்லாம் 'உயிரி' என்றால் உயிர்ப்பொருளிலிருந்து செய்தது. அதே பழக்கத்தில் ஒருவர் 'உயிரிப்படல'த்தைச் சோளமாவில் செய்த மட்கும் பை என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. 'படலம்' இன்னும் மோசம்; எண்ணெய் மிதப்பதுபோல் ஒரே சீராகப் பரவியது என்று தோன்றும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்த கண்ணாடியை நுண்ணோக்கியில் பார்த்தால் காளான் குடைகளாக மேடுகள், நடுவே தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள்.

எனக்கு முதலில் தோன்றியது 'புற்று'. தானே கட்டித் தானே குடியிருப்பது, பொருத்தம்தான். ஆனால் உடலில் செருகிய சிறுநீர்க் குழாயில் (கத்தீட்டரில்) புற்று என்று மருத்துவர் சொன்னால் நோயாளி மயங்கி விழுவார்.

ஆகவே 'வழும்பு'. கேன் தண்ணீர் வைக்கும் டிஸ்பென்சரின் குழாயைக் கழற்றி, உள்ளே சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரல் வழுக்கும். மலைவழியில் காலை வழுக்கவிடும் பாசியை மலைபடுகடாம் 'வழும்பு கண் புதைத்த நுண்ணீர்ப் பாசி' என்கிறது. தண்ணீர், பாசி, வழுக்கல் மூன்றும் அந்த ஓரடியில் இருக்கின்றன.

அந்த வழுவழுப்புதான் விஷயமே. மிதந்து வரும் பாக்டீரியா முதலில் லேசாகத்தான் ஒட்டும், அலசினால் போய்விடும். பிறகு சர்க்கரைச் சங்கிலி, புரதம், டி.என்.ஏ. எல்லாம் கலந்த பசையைச் சுரந்து அதற்குள் புதைந்துகொள்ளும். ஆழத்தில் உணவும் ஆக்சிஜனும் குறைவு என்பதால் அங்கே இருப்பவை வளராமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். பெனிசிலின் வகை மருந்துகள் செல் சுவர் கட்டுகிற வேலையைத்தான் கெடுக்கும். கட்டாமல் தூங்குகிறவனை என்ன செய்ய? குளோரினோ மேலடுக்கிலேயே செலவாகிவிடும். 1680களில், நுண்ணோக்கியில் பாக்டீரியாவை முதலில் கண்ட டச்சுக்காரர் லேவன்ஹுக் தன் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டிப் பார்த்தபோதே, வாய் கொப்பளித்த வினிகர் வெளியே இருந்த உயிர்களை மட்டும் கொன்றதைக் கவனித்துவிட்டார். முதலில் தேய்ப்பு, பிறகுதான் மருந்து. தேய்க்க முடியாத சிறுநீர்க் குழாய் என்றால் கழற்றி வேறு போடுவார்கள். 'படலம்' என்ற சொல்லில் இந்தப் பசை எங்கே இருக்கிறது?

> வழும்பு என்றாலே அருவருப்பு. நன்மை செய்வதும் உண்டல்லவா?

உண்டு. மெதுமணல் வடிகட்டியில் மேலே படியும் அடுக்குதான் தண்ணீரில் உள்ள கிருமிகளில் பெரும்பகுதியைப் பிடிக்கிறது. ஜெர்மன்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஷ்முட்ஸ்டெக்க', அதாவது அழுக்குப் போர்வை. நீர்ப் பொறியாளர்கள் யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

கிளைச்சொற்களையும் போட்டுப் பார்த்தேன். 'வழும்புநீக்கி', 'வழும்புப் பசை' சரியாக வருகின்றன. 'வழும்பாக்கம்' என்றால் நுங்கம்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன் மாதிரி ஒலிக்கிறது, அதனால் 'வழும்பு கட்டுதல்'.

கூட்டம் சேர்ந்துவிட்டதைச் செல்கள் ஒன்றுக்கொன்று வேதிக்குறிப்பால் அறிந்துகொள்ளும் 'கோரம் சென்சிங்'குக்குத் 'திரளுணர்வு' என்று எழுதி வைத்திருக்கிறேன், அரைமனதாக. வேறு கைவசம் இருந்தால் அனுப்புங்கள்.