வியன்னாவில் அம்மாவோடு இரண்டு மாதம்: வழி சொல்லுங்கள்

வணக்கம். வியன்னாவில் இருப்பவர்களிடம் ஓர் உதவி. மே மாதம் அம்மா முதல்முறையாக இங்கே வருகிறார். வயது 71, இரண்டு முழங்காலிலும் வலி. எங்கள் வீடோ நூறு வருடம் தாண்டிய கட்டடத்தில் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வளைந்து ஏறும் கல்படிகள். நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். ஜூன் முடிய லிஃப்ட் உள்ள சின்ன வீடு எங்காவது வாடகைக்குக் கிடைக்குமா? உ-பான் (மெட்ரோ ரயில்) நிலையம் பக்கத்தில் இருந்தால் போதும், எந்த வட்டாரமானாலும் சரி.

அப்புறம், அம்மா வீணை வாசிப்பவர். 1869-இல் திறந்த ஸ்டாட்ஸ்ஓப்பர் என்ற இசை நாடக அரங்கில் ஒரு மாலையாவது அவரை உட்கார வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் இதுவரை நின்று பார்க்கும் டிக்கெட்டில்தான் போயிருக்கிறேன், கம்பியில் ஸ்கார்ஃபைக் கட்டி இடம் பிடித்து. அம்மாவால் மூன்று மணி நேரம் நிற்க முடியாது. அதிகம் படி ஏறாமல், மேடை நன்றாகத் தெரிகிற, விலை குறைந்த இருக்கை எது? வெளியே சதுக்கத்தில் பெரிய திரையில் நேரலையாகக் காட்டுவார்களே, அங்கே நாற்காலி கிடைக்க எவ்வளவு முன்னால் போக வேண்டும்? வயதானவர்களை அழைத்துப் போனவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.