ஓதம் ஓயும் வேளைக்கு ஒரு சொல்: ‘நிலைநீர்’ வேண்டாம், ‘ஓய்நீர்’ வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் சிறு படகெடுத்துக் கண்டல்காட்டு (அலையாத்திக் காட்டு) ஓரங்களில் தூண்டில் போடப் போகும் நம்மவர்களுக்காகத் தொகுத்துவரும் கையேட்டில், மற்ற சொற்கள் எல்லாம் ஏறக்குறைய முடிவாகிவிட்டன. ஒன்று மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றவற்றம், ஏறி முடிந்து வற்றத் தொடங்கும் முன்பும், வற்றி முடிந்து ஏறத் தொடங்கும் முன்பும் நீரோட்டம் அடங்கிக் கிடக்கும் சிறு வேளை. ஆங்கிலத்தில் ஸ்லாக் வாட்டர். கோவை ஐயா ‘நிலைநீர்’ என்கிறார். யாழ்ப்பாணத்து அக்கா ‘ஓதத் தரிப்பு’ என்கிறார். சிங்கப்பூர்த் தம்பி ‘ஓத இடைவேளை’ போதும் என்கிறார். என் முன்மொழிவு ‘ஓய்நீர்’. காரணத்தைச் சற்று விரித்தே எழுதுகிறேன். இதில் சொல் தவறினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும்.

> ‘உயர்நீர்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நேரத்தில்தானே நீர் நிற்கிறது? தனியாக இன்னொரு சொல் எதற்கு?

ஐயா, சிக்கல் தொடங்கும் இடமே இதுதான். உயர்நீர், தாழ்நீர் என்பவை மட்டத்தைச் சொல்பவை. நமக்கு வேண்டியது ஓட்டத்தைச் சொல்லும் சொல். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பினாங்குத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையை எடுத்துப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு இரண்டு உயர்நீர், இரண்டு தாழ்நீர். ஒவ்வொன்றுக்கும் நேரமும் உயரமும் இருக்கும். அடுத்த நாள் அவை ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். எல்லாம் மட்டக் கணக்கு. அந்த நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டு கிரியான் ஆற்று முகத்துக்கோ பத்து காவான் பக்கத்துக் கழிகளுக்கோ (கடல்நீர் ஏறி இறங்கும் சிறு கால்வாய்களுக்கோ) போனால், அட்டவணை உயர்நீர் என்று காட்டும் வேளையிலும் நீர் உள்ளே ஏறிக்கொண்டுதான் இருக்கும். வெளியே கடல்மட்டம் உச்சத்தைத் தொட்டாலும் கழியின் உட்பகுதி இன்னும் நிரம்பியிருக்காது. அது நிரம்பும்வரை ஓட்டம் உள்நோக்கியே இருக்கும். மேட்டுப் பகுதியில் நல்ல மழை பெய்து ஆற்றில் நன்னீர் கூடிவிட்டால் கணக்கு இன்னொரு விதமாக மாறும். வற்றோட்டம் நீண்டுவிடும்; தாழ்நீர் கடந்த பிறகும் ஆறு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

ஆகவே ‘உயர்நீர் நேரத்தில் நங்கூரத்தை எடுங்கள்’ என்று எழுதினால் ஒரு பொருள். ‘ஓட்டம் ஓய்ந்ததும் நங்கூரத்தை எடுங்கள்’ என்று எழுதினால் வேறு பொருள். கையேட்டைப் படிக்கும் புதியவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லே கற்றுத்தர வேண்டும்.

> அந்த வேளை அப்படி என்ன முக்கியம்? சில நிமிடம்தானே?

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. மாலுமிகள் வழிவழியாகப் பயன்படுத்தும் பன்னிரண்டு பங்குக் கணக்கு ஒன்று உண்டு. உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் நீர் ஒரே சீராக இறங்குவதில்லை. மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. இறக்கம் 1.8 மீட்டர் என்று கொள்வோம். முதல் மணியில் 15 சென்டிமீட்டர்தான் இறங்கும். நடுவில் உள்ள இரண்டு மணிகளிலும் மணிக்கு 45 சென்டிமீட்டர் போகும். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் கரை மிகத் தட்டையானது. அரை மீட்டர் இறங்கினாலே பெரும்பரப்பு சேறாகிவிடும். ஓய்ந்த நீரைப் பார்த்து இன்னும் நேரம் இருக்கிறது என்று கழிக்குள் தங்கிவிட்டவர், மூன்றாவது மணியில் வெளியே வர வழியில்லாமல் அடுத்த ஏற்றம்வரை கொசுக்கடியில் காத்திருக்க நேரும். இது கணக்குக் கூட்டலால் அறியவேண்டிய செய்தி அன்று. இந்தக் கரையில் மீன்பிடிக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கண்டல்காடு இதை இன்னும் கூட்டிவிடுகிறது. ஏற்றத்தின்போது நீர் மரங்களுக்கிடையே அகலமாகப் பரவி, முட்டுவேர்களும் மூச்சுவேர்களும் தடுக்கத் தடுக்க மெல்ல உள்ளே போகிறது. வற்றும்போது அவ்வளவு நீரும் தயங்கி நின்று, பிறகு ஒடுங்கிய கழி வழியாகத் திரண்டு வெளியேறுகிறது. இத்தகைய கழிகள் பலவற்றில் ஏற்றோட்டத்தைவிட வற்றோட்டம் வேகமாக இருப்பதற்கு இதுவே காரணம். கழி தூர்ந்துபோகாமல் ஆழமாக நிற்பதற்கும் இதுவே உதவுகிறது. காட்டை வெட்டிக் குளம் வெட்டினாலோ கரையை நிரப்பினாலோ இந்த நீர்த்தேக்கம் குறைந்து கழி மெல்ல மேடாகிவிடும். கண்டல் நடும் வேலையைப் பினாங்குக் கரையோர மீனவர்கள் சங்கம் பல ஆண்டுகளாகத் தாங்களே முன்னின்று செய்துவருவதில் இந்த அறிவும் அடங்கியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்களைக் கையேட்டின் முன்னுரையில் நன்றியோடு குறிப்பிடவேண்டும்.

மீனுக்கு வருவோம். ஓட்டம் வேகமாக இருக்கும்போது ஈயக்குண்டு கனமாக வேண்டும். தங்கூசி நரம்பு வில்லாய் வளையும். இரை அடியில் நிற்காது. சியாக்காப் என்று இங்கே எல்லோரும் சொல்லும் கொடுவா அப்போது ஓட்டத்தை எதிர்த்து வீணாக நீந்தாது; விழுந்த மரம், பாலத்தூண், கழி வளைவு என ஏதேனும் ஒன்றின் மறைவில் ஒதுங்கி நிற்கும். ஓட்டம் ஓய்ந்தால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். கெளிறும் நண்டும் இரையைக் கொறிக்கத் தொடங்கும். பிறகு வற்றோட்டம் பிடித்ததும் வேர்களுக்கிடையே மேய்ந்த இறாலும் மடவைக் குஞ்சும் நீரோடு இழுபட்டுக் கழிவாய்க்கு வரும். கொடுவா அங்கே காத்திருக்கும். ஆகவே அனுபவப்பட்டவர்கள் ஓயும் வேளையில் இடம் மாறுகிறார்கள், ஈயத்தை மாற்றுகிறார்கள், கழிவாயில் நங்கூரம் போட்டு அடுத்த ஓட்டத்துக்குத் தயாராகிறார்கள்.

அதை அவர்கள் அறிவது கடிகாரத்தைப் பார்த்து அன்று. நங்கூரக் கயிறு முதலில் சொல்லிவிடும். ஓட்டம் இருக்கும்வரை கயிறு விறைத்து நிற்கும். அது நீரைக் கிழிக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய மடிப்பு ஓடும். அந்த மடிப்பு சுருங்கிச் சுருங்கி மறையும். கயிறு தொய்ந்து நேர்கீழாகத் தொங்கும். படகின் மூக்கு ஓட்டத்தை விட்டுக் காற்றின் சொல்லைக் கேட்கத் தொடங்கும். பக்கத்தில் மிதந்துபோன கண்டல் இலையும் நுரையும் போன இடத்திலேயே நிற்கும். சாய்ந்து கிடந்த வலை மிதவை நிமிரும். சற்றுப் பொறுத்தால் அதே இலை வந்த வழியே திரும்பும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சொற்களை எடைபோடுவோம்.

‘நிலைநீர்’ கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடுநீருக்கு எதிர்ச்சொல்லாகக் குளம், ஏரி போன்றவற்றின் நீரைக் குறிக்க அது ஏற்கெனவே வேலை செய்கிறது. மலேசியாவில் இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. ஏடிஸ் கொசு ஒழிப்பு அறிவிப்புகளைப் படித்துப் பழகியவர்களுக்கு நிற்கும் நீர், தேங்கிய நீர் என்றாலே பூந்தொட்டியும் பழைய டயரும்தான் நினைவுக்கு வரும். இவற்றைவிடப் பெரிய குறை, அதற்கு வினை இல்லாதது. ‘நீர் நிலைத்தது’ என்றால் நிரந்தரமாக நின்றுவிட்டது என்று ஆகிவிடும். படகில் புழங்கும் சொல்லுக்கு வினை கட்டாயம் வேண்டும். கத்திச் சொல்லவேண்டிய இடத்தில் பெயர்ச்சொல் உதவாது.

‘ஓத இடைவேளை’ பொருள் விளக்கமாக நல்லது. கலைச்சொல்லாக நீளம். இடைவேளை என்றால் இரண்டு பக்கமும் ஒரே நிகழ்ச்சி தொடரவேண்டும். இங்கே ஓட்டம் திசையே மாறிவிடுகிறது.

மலாய் மீனவர்கள் சொல்லும் ‘ஆயர் மாத்தி’யை அப்படியே ‘இறந்த நீர்’ என்று பெயர்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சரிவராது. அவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்வது ஏற்றவற்றம் குறைந்த நாட்களுக்கு, அதாவது நாம் ‘சிற்றோதம்’ என்று ஒப்புக்கொண்ட நாட்களுக்கு. கடலியலிலும் அதே பெயரில் முற்றிலும் வேறான ஒரு நிகழ்வு இருக்கிறது. 1893-இல் நார்வேயின் துருவப் பயணி நான்சென் தம் ஃப்ராம் கப்பலில் ஆர்க்டிக் கடலில் போனபோது, காரணம் தெரியாமல் கப்பல் வேகம் இழந்தது. கனமான உப்புநீரின்மேல் நன்னீர் மெல்லிய அடுக்காகப் படிந்திருக்கும் இடத்தில், கப்பலின் ஆற்றல் அடுக்குகளுக்கு இடையே அலை எழுப்புவதில் செலவாகிவிடுகிறது என்று பின்னர் ஸ்வீடன் கடலியலாளர் எக்மன் விளக்கினார். அந்த நிகழ்வுக்கு ‘இறந்த நீர்’ தேவைப்படும். இங்கே செலவழித்துவிட வேண்டாம்.

பேரோதம், சிற்றோதம் என்ற இணையைப் பற்றி மீண்டும் கிளப்பவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘பெருநீர், சிறுநீர்’ என்பது ஏன் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும்.

அக்காவின் ‘தரிப்பு’ எனக்கு மிகவும் பிடித்த சொல். இலங்கையில் பேருந்துத் தரிப்பிடம் என்று நாள்தோறும் புழங்குகிறது, உயிருள்ள சொல். அதை விட்டுவிடக் கூடாது. மட்டம் உச்சியிலோ அடியிலோ சிறிது நேரம் ஏறாமலும் இறங்காமலும் நிற்கிறதே, அதற்கும் ஒரு பெயர் வேண்டும். அங்கே ‘ஓதத் தரிப்பு’ அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. மட்டம் நின்றால் ஓதத் தரிப்பு. ஓட்டம் நின்றால் ஓய்நீர். இரண்டையும் பிரித்து வைத்தால் முதலில் சொன்ன குழப்பம் வேரோடு போய்விடும். அக்கா, இதற்கு நீங்கள் இசைவு தரவேண்டும்.

‘ஓய்நீர்’ குறித்து ஐயா ஒரு தடை எழுப்பியிருந்தார்.

> ஓய்வு என்றால் பணி ஓய்வு என்றுதான் இன்று நினைப்பார்கள். கழித்த நீர், பயன்பட்டு முடிந்த நீர் என்று பொருள்படாதா?

படாது என்று நினைக்கிறேன், ஐயா. மழை ஓய்ந்தது, காற்று ஓய்ந்தது, அலை ஓய்ந்து கடலாடுவது எப்போது என்று நாம் பேசுவதெல்லாம் இயற்கையின் இயக்கம் அடங்குவதைத்தானே? ஓய்ந்த மழை மறுபடியும் வரும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘நின்றது’ என்பதில் அது இல்லை. மேலும் இது வினைத்தொகை. ஓய்ந்த நீர், ஓய்கின்ற நீர், ஓயும் நீர் மூன்றும் அடங்கும். இந்த வேளையும் அப்படித்தான்: ஓட்டம் சட்டென்று நிற்பதில்லை, அடங்கிக்கொண்டே வந்து பூச்சியத்தைத் தொட்டு மறுபக்கம் கிளம்புகிறது. பேரோத நாளில் அது குறுகியிருக்கும், சிற்றோத நாளில் நீளும்; ஆகவே கணம், நொடி என்ற அளவுச் சொல் எதையும் ஒட்டவைக்காமல் இருப்பது நல்லது. குடிநீர், சுடுநீர் என்ற அதே வார்ப்பு என்பதால் குழந்தையும் தடுமாறாமல் சொல்லும்.

கையேட்டில் எப்படி வரும் என்று எழுதிப் பார்த்தேன்:

‘இன்று ஏற்ற ஓய்நீர் அட்டவணை உயர்நீருக்குச் சற்றுப் பிந்தி வரும்.’

‘வற்ற ஓய்நீரில் கழிக்குள் நுழையாதீர்கள், ஏற்றோட்டம் பிடித்து ஆழம் தெரிந்த பிறகு நுழையுங்கள்.’

‘தண்ணீர் ஓய்ந்துவிட்டது, ஈயத்தை மாற்று.’

மூன்றாவது வாக்கியம்தான் எனக்கு முதன்மையானது. அதை யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. நிபோங் திபால் பக்கம் தோட்டத்திலிருந்து வந்து ஆற்றங்கரையில் குடியேறிய நம்மவர்கள் இன்றைக்கே அப்படிப் பேசினாலும் வியப்பதற்கில்லை. வினையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் நாம் ஆக்குகிறோம். ஓதம், கழி, கண்டல் என்று நெய்தல் நிலத்துச் சொற்கள் நமக்குச் சங்க காலத்திலிருந்தே இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் உட்கார இந்தப் புதுச்சொல் கூச்சப்படாது.

ஒன்று மீதம் இருக்கிறது. ஜெலுத்தோங்கை ஒட்டி, தாழ்நீரில் வெளியே தெரியும் கடற்புல் திட்டை மிடல் பேங்க் என்கிறோம். அதுபோல் ஓதத்தில் மூழ்கியும் எழுந்தும் கிடக்கும் நிலப்பரப்புக்குச் ‘சேற்றுத்திட்டு’ என்றும் ‘ஓதத்திட்டு’ என்றும் இரண்டு சொற்கள் வரைவில் கலந்து வருகின்றன. அடியில் சேறே இல்லாத திட்டுகளும் உண்டு என்பதால் ‘ஓதத்திட்டு’ என்று ஒரே சொல்லாக மாற்றிவிடலாமா என்று மற்றவர்கள் சொல்லுங்கள். ‘ஓய்நீர்’ குறித்துத் தடை இருப்பவர்கள், தங்கள் மாற்றுச் சொல்லை மேலே உள்ள மூன்று வாக்கியங்களிலும் பொருத்தி எழுதி அனுப்பினால் ஒப்பிட எளிதாக இருக்கும். அச்சுக்குப் போகும் வரைவில் இப்போதைக்கு ‘ஓய்நீர்’, ‘ஓதத் தரிப்பு’ இரண்டையும் சேர்த்துவிட்டேன்.

அன்புடன்,
நிபோங் திபாலிலிருந்து